வலங்கையும் இடங்கையும்

2005ஆம் ஆண்டு ஏப்ரலில், ஹைதராபாத்திலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் தளத்திலிருந்து ஒரு ராட்சத பலூன் வானேறியது. காற்றை முற்றிலும் வெளியேற்றி, கிருமி நீக்கி, திரவ நியானில் குளிரவைத்த எஃகுக் குழாய்கள் அதில் தொங்கின. 20 கிலோமீட்டரிலிருந்து 41 கிலோமீட்டர் வரை பல உயரங்களில் காற்றைப் பிடித்துக்கொண்டு அவை திரும்பின. அந்தக் காற்றில் உயிர் ஏதேனும் இருக்கிறதா என்று ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் புனேயின் தேசிய செல் அறிவியல் மையமும் தனித்தனியே சோதித்துப் பார்த்தன. 12 பாக்டீரியாக் குடியிருப்புகளும் 6 பூஞ்சைக் குடியிருப்புகளும் முளைத்தன. பாக்டீரியாக்களில் 3 அதுவரை அறியப்படாத இனங்கள். 2009 மார்ச்சில் இஸ்ரோ அவற்றின் பெயர்களை அறிவித்தது: பேசில்லஸ் ஆர்யபட்டை, பேசில்லஸ் இஸ்ரோனென்சிஸ், ஜானிபாக்டர் ஹோய்லி.

அவை வேற்றுலகிலிருந்து வந்தவையோ என்ற பேச்சு உடனே கிளம்பியது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆர்யபட்டரின் பெயர் தாங்கிய அந்தப் பாக்டீரியா பிற்பாடு பல நாடுகளில் செடிகளின் வேரடி மண்ணிலேயே கிடைத்தது. மண்ணிலிருந்து மேலே போனது என்பதே எளிய விளக்கம். அங்கே போயும் சாகாமல் இருந்ததுதான் செய்தி. மூன்று இனங்களுமே தடித்த சுவர் கொண்டவை, புற ஊதாக் கதிரைத் தங்கள் நெருங்கிய உறவினர்களைவிட நன்றாகத் தாங்கியவை.

அதே உயிரியல் மையத்தில், ஹப்சிகுடாவிலுள்ள வளாகத்தில், பலூன் எதுவும் பறக்கவிடாமல் நடந்த இரண்டு ஆராய்ச்சிகள் இதைவிட ஆழமானவை என்பது என் கருத்து. ஒன்று பாக்டீரியாவின் சுவரைப் பற்றியது. மற்றொன்று செல்லுக்குள் புரதம் தயாராகும் இடத்தில் நடக்கும் ஒரு சோதனையைப் பற்றியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பாக்டீரியாவும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களும் ஏன் வேறு வேறு வம்சங்கள் என்பது விளங்கும். அதற்கு முதலில் மூலக்கூறுகளுக்கும் கைகள் உண்டு என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

உங்கள் இரு கைகளையும் கண்ணெதிரே வைத்துப் பாருங்கள். விரல்கள் அதே ஐந்து, வரிசையும் அதே. ஆனாலும் வலக்கையை எப்படித் திருப்பினாலும் இடக்கையின் மேல் அச்சாகப் பொருத்த முடியாது. பல கரிமச் சேர்மங்களும் இப்படித்தான், ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக இரண்டு வடிவங்களில் இருக்கின்றன. 1848இல் லூயி பாஸ்டர் டார்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகங்களை உருப்பெருக்கியின் அடியில் வைத்து, இடப்பக்கச் சாய்வுள்ளவற்றையும் வலப்பக்கச் சாய்வுள்ளவற்றையும் கையாலேயே பொறுக்கிப் பிரித்தார். இரண்டும் ஒரே பொருள்தான். ஆனால் அவற்றின் கரைசல்கள் ஒளியை எதிரெதிர் திசைகளில் திருப்பின. புரதங்களில் உள்ள அமினோ அமிலங்களில் கிளைசின் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இந்தக் கைவேறுபாடு உண்டு. வேதியியலார் ‘எல்’, ‘டி’ என்று குறிப்பவற்றை நாம் இடங்கை, வலங்கை என்று வைத்துக்கொள்வோம்.

சோழர் காலம் தொட்டுத் தமிழ்நாட்டுச் சாதிகள் வலங்கை, இடங்கை என்று பிரிந்து நின்றதும், கம்பெனி காலத்துச் சென்னையில் எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது என்று அடித்துக்கொண்டதும் வரலாறு. அந்தப் பிரிவினைக்கு இயற்கையில் எந்த அடிப்படையும் இல்லை. செல்லுக்குள் இருக்கும் பிரிவினை மெய்யானது, அதைவிடக் கறாரானது. பூமியில், செல்லின் புரத ஆலையான ரைபோசோம் கோக்கும் புரதங்களில் இடங்கை அமினோ அமிலங்களுக்கு மட்டுமே இடம். யானையானாலும் இட்லி மாவைப் புளிக்கவைக்கும் லியூகோனோஸ்டாக் பாக்டீரியாவானாலும் இதே விதிதான்.

விதியை மீறுவதற்கென்றே பாக்டீரியா ஓர் இடத்தை வைத்திருக்கிறது. அது அதன் சுவர்.

நம் குடலில் வாழும் ஈ. கோலையை எடுத்துக்கொள்வோம். நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். 500 ஈ. கோலைகளை வரிசையாக நிறுத்தினால் ஒரு மில்லிமீட்டர் வரும். உட்கரு கிடையாது. டிஎன்ஏ ஒரு பெரிய வளையமாகச் செல்லின் நடுவே சுருண்டு கிடக்கிறது. சுற்றிலும் ரைபோசோம்களும் நொதிகளும் உப்புகளும் இடைவெளியின்றி நெருக்கியடிக்கின்றன. உள்ளே இவ்வளவு செறிவு இருந்தால் வெளியிலிருக்கும் தண்ணீர் சும்மா இருக்காது. சவ்வைக் கடந்து பாயும். செல் ஊதிக்கொண்டே போய் வெடித்திருக்க வேண்டும். வெடிக்காமல் காப்பது பெப்டிடோகிளைக்கான் என்ற வலைப்பின்னல். ஈ. கோலையில் அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். உட்சவ்வுக்கும் வெளிச்சவ்வுக்கும் நடுவே அது இருக்கிறது. பேசில்லஸ் வகைகளில் வெளிச்சவ்வே கிடையாது; அதற்கு ஈடாகச் சுவர் பல மடங்கு தடிமன். 1884இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் பெர்லினில் கண்டுபிடித்த சாயச் சோதனை, ஊதா நிறம் தங்கும் பாக்டீரியா, தங்காத பாக்டீரியா என்று உலகத்தைப் பிரித்தது. இன்றும் எந்த ஊர் ஆய்வுக்கூடத்திலும் ‘கிராம் பாசிட்டிவ்’, ‘கிராம் நெகட்டிவ்’ என்று எழுதித் தருகிறார்களே, அதன் பொருள் இந்தச் சுவர் வேறுபாடுதான்.

வலையின் நெடுக்கு இழைகள் இரண்டு வகைச் சர்க்கரைகள் மாறி மாறிக் கோத்த சங்கிலிகள். குறுக்கு முடிச்சுகள் அமினோ அமிலங்களால் ஆனவை. இங்கேதான் வலங்கை நுழைகிறது. ஒவ்வொரு இழையிலிருந்தும் நீளும் சிறு வாலில் முதலில் இடங்கை அலனின், அடுத்து வலங்கை குளுட்டாமிக் அமிலம், மூன்றாவதாக டைஅமினோபிமெலிக் அமிலம், பிறகு வலங்கை அலனின் இரண்டு. மூன்றாவதாக வருவது விசித்திரமானது: அதன் ஒரு முனை இடங்கை, மறுமுனை வலங்கை. ஓர் இழையின் வலங்கை அலனின் பக்கத்து இழையிலுள்ள டைஅமினோபிமெலிக் அமிலத்தின் வலங்கை முனையைப் பிடித்துக்கொள்ளும்போது முடிச்சு விழுகிறது. வலக்கைக்கு வலக்கை. சுற்றுப்புறத்தில் அலையும், புரதம் அறுக்கும் நொதிகள் பெரும்பாலும் இடங்கைப் பிணைப்புகளுக்குப் பழகியவை. இந்த முடிச்சு அவற்றுக்குப் பிடிகொடுக்காது.

பென்சிலின் இந்த முடிச்சைத்தான் குறிவைக்கிறது. 1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் அதைக் கண்டார். அது எப்படிக் கொல்கிறது என்பது வெகுகாலம் பிடிபடவில்லை. வாலின் நுனியில் இருக்கும் இரட்டை வலங்கை அலனினைப் போலவே பென்சிலின் மூலக்கூறு தோற்றமளிக்கிறது, முடிச்சுப் போட வரும் நொதி ஏமாந்து அதைக் கவ்விக்கொண்டு செயலிழக்கிறது என்று 1965இல் டிப்பரும் ஸ்ட்ரோமிங்கரும் விளக்கினார்கள். மனித உடலில் இப்படி ஒரு சுவரும் இல்லை, முடிச்சும் இல்லை. பென்சிலின் நோயாளியை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் தாக்குவதற்குக் காரணம் அதுவே.

1964இல் ஜெர்மனியில் வைடலும் பெல்சரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ஈ. கோலையின் சுவரில் எந்த இழையும் தனித்து இல்லை. எல்லாம் ஒன்றோடொன்று வேதிப்பிணைப்பில் கட்டுண்டிருப்பதால் முழுச் சுவரும் சேர்ந்து ஒரே மூலக்கூறு, பை வடிவில் மூடிய ஒரே மூலக்கூறு. படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் அதிலிருந்து ஒரு சிக்கல் பிறக்கிறது. வசதியான சூழலில் ஈ. கோலை 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். பிரியும் முன் இரண்டு மடங்கு நீள வேண்டும். எங்கும் வாயில்லாமல் மூடிய வலை எப்படி நீளும்? போட்டிருக்கும் சட்டையைக் கழற்றாமல், ஒரு பொத்தானும் தெறிக்காமல், அளவைப் பெரிதாக்கித் தரச் சொல்வது போன்ற வேலை அது. புதிய இழையைச் செருக வேண்டுமென்றால் பழைய முடிச்சு ஒன்றை முதலில் அறுத்தாக வேண்டும். கொஞ்சம் அதிகமாக அறுத்தால் செல் வெடித்துவிடும்.

அறுக்கும் கத்தரி இருந்தே தீர வேண்டும் என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். எது அது என்பதுதான் தெரியவில்லை. சுவரை அறுக்கவல்ல நொதிகள் ஈ. கோலையில் ஏராளம். எந்த ஒன்றின் மரபணுவை நீக்கினாலும் பாக்டீரியா பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. ஆகவே வளர்ச்சிக்கு இவை முக்கியமில்லையோ என்றுகூடச் சிலருக்குச் சந்தேகம் வந்தது.

ஹைதராபாத்தில் மஞ்சுளா ரெட்டியின் குழு பிடித்த வழி பழைய மரபியலாளர்களின் வழி. ஒரு மரபணுவைக் கெடுத்து, செல் நோஞ்சானாகும் நிலையைக் கண்டுபிடிப்பது. பிறகு வேறு எந்த மரபணு அந்தக் குறையை ஈடுகட்டுகிறது என்று தேடுவது. இந்த வேலைக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை, பொறுமை நிறைய வேண்டும். 2012இல் வெளியான அவர்கள் கட்டுரை மூன்று நொதிகளை அடையாளம் காட்டியது. இன்று அவற்றுக்கு மெப்எஸ், மெப்எம், மெப்எச் என்று பெயர். மூன்றும் நான் மேலே சொன்ன வலங்கை முடிச்சை அறுப்பவை. ஒன்று போனால் மற்றவை சமாளிக்கின்றன. மூன்றையும் ஒருசேர இழந்த செல்லோ, சுவரில் புது இழையைச் சேர்க்க முடியாமல் உடைந்து சாகிறது. கட்டுவதற்கு முன் அறுத்தாக வேண்டும் என்பது அதுவரை தர்க்கம். அந்தக் கட்டுரைக்குப் பின் சோதனை உண்மை.

அப்படியானால் கத்தரியை யார் கட்டுப்படுத்துகிறார்கள்? 2015இல் அதே குழு அடுத்த பதிலைத் தந்தது. மெப்எஸ் நொதியை என்எல்பிஐ என்ற புரதம் பிடித்து, பிஆர்சி என்ற புரதம் அறுக்கும் நொதியிடம் ஒப்படைக்கிறது. அது மெப்எஸ்ஸைத் துண்டாக்கிவிடுகிறது. செல் வேகமாக வளரும்போது மெப்எஸ் மிகுதியாக இருக்கிறது. வளர்ச்சி ஓய்ந்ததும் அழிக்கப்பட்டுக் குறைந்துவிடுகிறது. பாக்டீரியா கத்தரியைப் பூட்டிவைப்பதில்லை, வேலை முடிந்ததும் கத்தரியையே நொறுக்கிவிடுகிறது. மஞ்சுளா ரெட்டிக்கு 2019இல் உயிர் அறிவியலுக்கான இன்ஃபோசிஸ் பரிசு இந்தச் சுவர் ஆராய்ச்சிக்காகக் கிடைத்தது.

இந்த ஆராய்ச்சிக்கு ஹைதராபாத் பொருத்தமான ஊர் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பெருமைப்பட முடியாத காரணம். நாட்டின் மருந்துத் தொழிலில் பெரும்பங்கு இந்நகரைச் சுற்றியே இருக்கிறது. 2007இல் சுவீடனின் யோவாக்கிம் லார்சன் குழுவினர் ஹைதராபாத்தை அடுத்த பட்டன்சேருவில் மருந்தாலைக் கழிவுநீரைச் சுத்திகரித்து வெளிவிடும் நீரைச் சோதித்தபோது, ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. மாத்திரை விழுங்கிய நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். இப்படிப்பட்ட நீரில் பிழைத்துக் கிடக்கும் பாக்டீரியா மருந்துக்கு அடங்காததாகத்தான் இருக்கும். பழைய மருந்துகள் தோற்கும் இடத்தில் புதிய இலக்குகள் வேண்டும். சுவரை அறுக்கும் கத்தரிகள் அப்படி ஓர் இலக்காகலாம்.

இனி ஆர்க்கியா. கோடையில் தூத்துக்குடியிலோ வேதாரண்யத்திலோ உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு, உப்பு விளையும் தறுவாயில் பாத்தி நீர் செம்பழுப்பாக, சில நாள் ரோஜா நிறமாக மாறுவது தெரியும். அந்த நிறத்தில் பெரும்பங்கு ஆர்க்கியாவுடையது. கடல் நீரைவிடப் பன்மடங்கு உப்பேறிய நீரில் அவை சுகமாக வாழ்கின்றன. அவற்றை அள்ளி நல்ல தண்ணீரில் விட்டால் வெடித்துச் சிதறுகின்றன. அவற்றிடம் பெப்டிடோகிளைக்கான் வலை இல்லை. புரத மூலக்கூறுகள் ஓடு வேய்ந்ததாக அடுக்கிய ஒரு மேலுறைதான் இருக்கிறது. உப்பு இருக்கும்வரை அது குலையாது. இன்னொரு வகை ஆர்க்கியா சாண எரிவாயுக் கலனில் மீத்தேன் தயாரிக்கிறது. மாட்டின் முதல் இரைப்பையிலும், நெல் வயல் சேற்றிலும், ஹுசேன் சாகர் போன்ற கழிவு கலந்த ஏரிகளின் அடிவண்டலிலும் அதே வேலையைச் செய்கிறது. ஏரி நாறுவதற்கு மட்டும் அதைக் குறை சொல்லக்கூடாது. மீத்தேனுக்கு மணம் கிடையாது. அழுகிய முட்டை வாடை, கந்தகச் சேர்மங்களைக் கையாளும் பாக்டீரியாவின் வேலை.

உருப்பெருக்கியில் பார்த்தால் பாக்டீரியாவுக்கும் ஆர்க்கியாவுக்கும் வேறுபாடு காண்பது கடினம். உட்கரு இல்லை, அளவும் ஏறத்தாழ அதுவே, வடிவமும் குச்சி அல்லது உருண்டை. அதனால் 1977 வரை ஆர்க்கியாவை யாரும் தனியாக எண்ணவில்லை. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கார்ல் வூஸ், ஜார்ஜ் ஃபாக்ஸுடன் சேர்ந்து ரைபோசோமிலுள்ள ஆர்என்ஏவைத் துண்டு துண்டாக்கி, கதிரியக்கம் ஏற்றிப் படச்சுருளில் பதித்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். மீத்தேன் தயாரிக்கும் நுண்ணுயிரிகளின் வரிசை பாக்டீரியாவோடும் சேரவில்லை, நம்மைப் போன்ற உட்கரு உயிர்களோடும் சேரவில்லை. 1977 நவம்பரில் அவர் மூன்றாவது வம்சத்தை அறிவித்தார். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. அவரோடு பணியாற்றிய ரால்ஃப் வுல்ஃபைத் தொலைபேசியில் அழைத்த நோபல் பரிசாளர் சால்வடார் லூரியா, இந்த அபத்தத்திலிருந்து விலகிக்கொள்ளும்படி சொன்னாராம். அதே 1977இல்தான் புஷ்ப மித்ர பார்கவாவின் முயற்சியால் ஹைதராபாத்தின் உயிரியல் மையமும் தொடங்கியது.

வூஸை உடனே நம்பியவர்களில் ஒருவர் ஜெர்மனியின் ஓட்டோ காண்ட்லர். அவர் சுவர் நிபுணர். மீத்தேன் நுண்ணுயிரிகளின் சுவரில் பெப்டிடோகிளைக்கான் இல்லை என்பதைத் தாமே கண்டிருந்தார். சிலவற்றில் அதைப் போலவே தோன்றும் ஒரு போலிச் சுவர் இருந்தது. பிரித்துப் பார்த்தால் சர்க்கரையில் ஒன்று வேறு, சர்க்கரைகளைக் கோக்கும் பிணைப்பு வேறு. முடிச்சிலுள்ள அமினோ அமிலங்கள் அனைத்தும் இடங்கை! வலங்கை மருந்துக்கும் இல்லை. பென்சிலினுக்கு அங்கே வேலையில்லை. நம் கண்ணீரில் இருந்துகொண்டு பாக்டீரியாச் சுவரைக் கரைக்கும் லைசோசைமாலும் அந்தச் சுவரை ஒன்றும் செய்ய முடியாது.

சுவரில் இடங்கைக்காரனான ஆர்க்கியா, சவ்வில் பாக்டீரியாவுக்கு நேர் எதிர்க்கை. எல்லாச் செல் சவ்வுகளும் கிளிசரால் பாஸ்பேட்டின் மேல் கொழுப்பு வால்களைப் பூட்டிச் செய்தவை. கிளிசராலின் இரு முனைகளும் ஒன்றுபோலவே இருக்கும். எந்த முனையில் பாஸ்பேட் ஏறுகிறது என்பதைப் பொறுத்து அதற்குக் கை வந்துவிடுகிறது. பாக்டீரியாவிலும் நம் செல்களிலும் ஒரு முனை. ஆர்க்கியாவில் மறுமுனை. இந்த இரு வடிவங்களையும் செய்யும் நொதிகள் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை. வால்களும் வேறு: பாக்டீரியாவில் கொழுப்பு அமிலம், எஸ்டர் பிணைப்பு, ஆர்க்கியாவில் கிளைவிட்ட ஐசோபிரினாய்டு சங்கிலி, எளிதில் அறாத ஈதர் பிணைப்பு. சில ஆர்க்கியாவில் இரண்டு அடுக்கு வால்களும் நடுவில் ஒட்டி ஒரே அடுக்காகிவிடுகின்றன. கொதிநீர் ஊற்றில் அவற்றின் சவ்வு பிரியாமல் இருக்க இது ஒரு காரணம். நீந்த உதவும் சாட்டையிழைகூட இரு வம்சங்களிலும் தனித்தனியே தோன்றியது. பாக்டீரியாவின் சாட்டை சவ்வின் ஊடாகப் பாயும் அயனிகளால் சுழல்கிறது, ஆர்க்கியாவின் சாட்டை, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறால்.

வேடிக்கை என்னவென்றால், தகவலைக் கையாளும் பகுதியில் ஆர்க்கியா நம் பக்கத்து உறவு. டிஎன்ஏவைப் படித்து ஆர்என்ஏ எழுதும் நொதி நம்முடையதை ஒத்தது. டிஎன்ஏவைச் சுற்றி வைக்கும் ஹிஸ்டோன் புரதங்களும் பல ஆர்க்கியாவில் உண்டு.

இந்த இடத்தில்தான் ஹைதராபாத்தின் இரண்டாவது கதை வருகிறது. பாக்டீரியா தன் சுவருக்காக வலங்கை அமினோ அமிலங்களை வகை தொகையாகத் தயாரித்து வைத்திருக்கிறது. அதே செல்லில், சில நானோமீட்டர் தள்ளி, ரைபோசோம் இடங்கை மட்டுமே கொண்டு புரதம் கோத்துக்கொண்டிருக்கிறது. தவறிப்போய் ஒரு வலங்கை, புரத ஆலைக்குச் சரக்குக் கொண்டுபோகும் கடத்து ஆர்என்ஏவின் மேல் ஏறிவிட்டால்? அப்படி ஏறுவது உண்டு என்றும், ஏறியதை இறக்கிவிட ஒரு நொதி உண்டு என்றும் 1967இல் ரிச்சர்ட் காலண்டரும் பால் பெர்க்கும் கண்டார்கள். அதன் சுருக்கப் பெயர் டிடிடி. எந்த வலங்கை வந்தாலும் இறக்குகிறது, எந்த இடங்கையையும் தொடுவதில்லை. வேறு எதையும் பார்க்காமல் கையை மட்டும் பார்க்கும் இந்தத் திறமை எப்படி வந்தது என்பது தெரியாமலே இருந்தது.

அதே உயிரியல் மையத்தின் ராஜன் சங்கரநாராயணனும் அவர் குழுவினரும் 2005இல் முதலில் தொட்டது பைரோகாக்கஸ் அபிசி என்ற ஆர்க்கியாவை. கொதிநீருக்கு நெருங்கிய வெப்பத்தில் ஆழ்கடலில் வாழ்வது. கடத்து ஆர்என்ஏவின் மேல் திரியோனினை ஏற்றும் அதன் நொதியின் ஒரு பகுதியைப் படிகமாக்கி வடிவத்தைப் பார்த்தால், அது பாக்டீரியாவின் டிடிடியை அப்படியே உரித்து வைத்ததாக இருந்தது. பாக்டீரியாவில் தனியாக உலவும் காவலன் ஆர்க்கியாவில் இன்னொரு நொதியின் உடலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறான்! ஆனால் அங்கே அவன் பார்ப்பது வேறு வேலை. திரியோனினைப் போலவே தோன்றி ஏமாற்றி ஏறிவிடும் செரினை, இடங்கைச் செரினை, இறக்கிவிடுகிறான். ஒரே வடிவம், இரண்டு வம்சங்களில் இரண்டு உத்தியோகம். பொதுவான ஒரு பழைய முன்னோரிடமிருந்து இது இரண்டு பக்கமும் போயிருக்க வேண்டும்.

2013இல் அவர்கள் டிடிடியின் சூட்சுமத்தையும் கண்டார்கள். நொதியின் குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைசின்–புரோலின் என்ற சிறு முனை, இடங்கை உள்ளே வந்தால் இடித்துத் தள்ளுகிறது. வலங்கை அந்த முனையை உரசாமல் அமர்ந்துகொள்கிறது. வலங்கையை அது தேடிப் பிடிப்பதில்லை; இடங்கையை மறுப்பது மட்டுமே அதன் வேலை. இதில் ஓர் ஓட்டை உண்டு. கிளைசினுக்குக் கையே கிடையாதே! இடிபட ஒன்றும் இல்லாததால் கிளைசினும் குழிக்குள் நுழைந்துவிடும், டிடிடி அதையும் இறக்கிவிடப் பார்க்கும். பாக்டீரியா இதற்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது: கிளைசின் சுமக்கும் கடத்து ஆர்என்ஏவின் நுனிக்கு அருகே ஓர் எழுத்து மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது. அந்த எழுத்தைக் கண்டால் டிடிடி அதிகம் நெருங்குவதில்லை. ஆர்க்கியாவின் கிளைசின் ஆர்என்ஏவில் அந்த இடத்தில் எதிர் வகை எழுத்து இருக்கிறது.

சுமார் இருநூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆர்க்கியா ஒரு பாக்டீரியாவை உள்ளே ஏற்றுக்கொண்டது. உள்ளே வந்தது மைட்டோகாண்ட்ரியாவாக மாறியது, இரண்டும் சேர்ந்து நம்மைப் போன்ற உட்கரு உயிர்களுக்கு மூதாதையாயின. அந்த ஆர்க்கியாவின் உறவினர்கள் 2015இல் ஆர்க்டிக் கடலடி வண்டலின் டிஎன்ஏவில் அடையாளம் காணப்பட்டார்கள். ‘லோக்கி’ என்ற நார்டிக் கடவுளின் பெயர் சூட்டப்பட்டது. 2020இல் ஜப்பானியர்கள், பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்குப் பின், அந்த வகையில் ஒன்றை ஆய்வகத்தில் வளர்த்தே காட்டினார்கள். இந்தக் கூட்டுக் குடும்பத்தைப் பற்றிப் புத்தகங்கள் சொல்லும்போது எல்லாம் சுமுகமாக நடந்ததாகவே தோன்றும். ஹைதராபாத் குழு 2022இல் காட்டியது, சுமுகமாக நடந்திருக்க முடியாது என்பதை. பாக்டீரியாவின் டிடிடி ஆர்க்கியாவின் செல்லுக்குள் வந்தால், அங்குள்ள கிளைசின் ஆர்என்ஏக்களை வலங்கை ஏறியவை என்று தவறாக எண்ணிச் சுமையை இறக்கிக்கொண்டே இருக்கும். புரதத் தயாரிப்பு நின்றுபோகும். ஆகவே டிடிடி தான் தவிர்க்கும் எழுத்தை மாற்றிக்கொண்டது. மாற்றிக்கொண்டதும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் கிளைசின் ஆர்என்ஏவுக்கு ஆபத்து வந்தது. அதுவும் தன் எழுத்தை மாற்றிக்கொண்டது. மைட்டோகாண்ட்ரியாவின் கடத்து ஆர்என்ஏக்களில் இந்த இடத்தில் இப்படி மாறியது கிளைசினுடையது ஒன்றுதான். ஜாக்கோபிடுகள் என்ற, மிகப் பழமையான மைட்டோகாண்ட்ரியாவை உடைய ஒருசெல் உயிரிகளிடம் பழைய எழுத்தும் புதிய எழுத்தும் இரண்டுமே கிடைத்தன. மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தின் தடயம் அது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

செடிகளிடமும் ஆர்க்கியாவின் சொத்து ஒன்று இருக்கிறது. வலங்கைகளை இறக்கும் வேலைக்கு ஆர்க்கியா வைத்திருக்கும் நொதி வேறு வகை, டிடிடி2. அது நிலத்தாவரங்களிலும் உண்டு. தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறும்போது செடிக்குள் அசிட்டால்டிஹைடு சேர்கிறது. அது கடத்து ஆர்என்ஏ மேல் ஏறிய வலங்கைகளின் உருவத்தை மாற்றிவிட, வழக்கமான டிடிடியால் அவற்றை அகற்ற முடிவதில்லை, டிடிடி2 அகற்றுகிறது. ஆர்க்கியாவிடமிருந்து இந்த மரபணு கைமாறியது செடிகள் நிலத்தில் குடியேற உதவிய நிகழ்வுகளில் ஒன்று என்று 2021இல் அதே குழு எழுதியது.

இரு வம்சங்களுக்கும் பொதுவான அந்த முதல் முன்னோருக்குச் சவ்வு எந்தக் கை? இரண்டு கைகளும் கலந்த சவ்வு உறுதியாக இருக்காது, அதனால்தான் இரண்டு வம்சங்களாகப் பிரிய வேண்டி வந்தது என்று ஒரு கருத்து நெடுநாள் நிலவியது. 2018இல் நெதர்லாந்தில் ஈ. கோலைக்குள் ஆர்க்கியாவின் சவ்வு மரபணுக்களைப் புகுத்தினார்கள். சவ்வில் சுமார் மூன்றில் ஒரு பங்கு எதிர்க்கைக் கொழுப்பு ஏறியபோதும் பாக்டீரியா நன்றாகவே வளர்ந்தது. ஆக, கலப்புச் சவ்வு உடைந்துபோகும் என்ற விளக்கம் உடைந்துபோனது. உள்ளே ஆர்க்கியாவாக இருந்த நம் மூதாதை எப்போது, எதற்காகப் பாக்டீரியாவின் சவ்வை அணிந்துகொண்டது என்பதற்கு இன்னமும் ஒப்புக்கொள்ளப்பட்ட விடை இல்லை.

கைகளோடு விளையாடுவதற்கு ஒரு வரம்பு வேண்டும் என்ற குரலும் எழுந்துவிட்டது. அணு அணுவாக எதிர்க்கையில் அமைந்த, முழுக் கண்ணாடி பிம்ப பாக்டீரியாவை யாரும் செய்ய முயல வேண்டாம், அதை நம் நோய் எதிர்ப்பு மண்டலமோ பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களோ அடையாளம் காணாமல் போகக்கூடும் என்று 2024 டிசம்பரில் 38 விஞ்ஞானிகள் ‘சயன்ஸ்’ இதழில் எச்சரித்தார்கள். செய்ய இன்னும் பல ஆண்டுகள் ஆகும் என்பதை ஒப்புக்கொண்டே எச்சரித்தார்கள். அவர்கள் பக்கம்தான் நானும்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நம் பள்ளிப் பாடங்கள் பலவும் இன்னமும் 1969ஆம் ஆண்டின் ஐந்து உலக வகைப்பாட்டைத்தான் முதலில் சொல்லித்தருகின்றன. அதில் ஆர்க்கியா ‘மொனிரா’ என்ற கூடைக்குள் பாக்டீரியாவின் ஒரு வகையாக, வெந்நீரிலும் உப்பிலும் வாழும் விநோதமாக நாலு வரியில் முடிந்துபோகிறது. அதைப் பாடத்திலிருந்து எடுக்கும் அதிகாரம் ஆசிரியர்களிடம் இல்லை, தெரியும். ஆனால் கரும்பலகை உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த முறை அந்தப் பாடம் வரும்போது ஒரு கிளிசரால் மூலக்கூறை வரைந்து, பாஸ்பேட்டை ஒருமுறை இந்த முனையிலும் ஒருமுறை அந்த முனையிலும் போட்டுக் காட்டுங்கள். தேர்வில் அந்தக் கேள்வி வராது. பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள்.